மேகக் கணிமையில் அடையாளச் சரிபார்ப்பும் அணுக்கக் கட்டுப்பாடும்

மேகக் கணிமைச் சேவைக்குள் நுழைய வரும் ஒருவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்று உறுதி செய்வது அடையாளச் சரிபார்ப்பு ஆகும். அவ்வாறு உறுதி செய்யப்பட்டவர் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எந்தக் கணினியை இயக்கலாம், எதை அழிக்கலாம் என்று வரையறுப்பது அணுக்கக் கட்டுப்பாடு ஆகும். அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட் அசூர், கூகுள் கிளவுட் முதலிய வழங்குநர்கள் இவ்விரண்டுக்கும் உரிய வசதிகளைத் தங்கள் சேவையின் அடிப்படைப் பகுதியாகவே தருகின்றனர்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறானவை. பொதுத்தேர்வு மையத்தில் நுழைவுச்சீட்டிலுள்ள புகைப்படத்தை மாணவரின் முகத்தோடு ஒப்பிடுவது முதலாவது வகை. அந்த மாணவர் தமக்குரிய அறையில், தமது பதிவெண் எழுதிய மேசையில்தான் அமரலாம் என்பது இரண்டாவது வகை. மாணவர் உண்மையானவர் என்பதற்காக வினாத்தாள் கட்டுகள் இருக்கும் அறையை யாரும் அவருக்குத் திறந்துவிடுவதில்லை. மேகக் கணிமையில் நேர்ந்த பெரிய இழப்புகள் சிலவற்றை ஆராய்ந்தால், இந்த எளிய வேறுபாடு கவனிக்கப்படாமல் போனதைக் காணலாம்.

சுவர் இல்லாத கணினி அறை

ஒரு நிறுவனம் தன் கணினிகளைத் தன் கட்டடத்திலேயே வைத்திருந்த காலத்தில் பூட்டும் காவலாளியும்கூடப் பாதுகாப்பின் பகுதியாக இருந்தனர். கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டவன் பல வேளைகளில் அந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்தாக வேண்டியிருந்தது. மேகக் கணிமையில் கணினிகள் அனைத்தையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பலகம் ஓர் இணையப் பக்கம்தான். அதை உலகின் எந்த மூலையிலிருந்தும் திறக்கலாம். கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பை வழங்குநர் ஏற்கிறார்; யாருக்குக் கணக்கு, யாருக்கு எந்த அனுமதி என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்க வேண்டும். இதைப் பகிரப்பட்ட பொறுப்பு என்பர்.

இந்தப் பொறுப்பில் ஏற்படும் சறுக்கல் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குக் கோடு ஸ்பேசஸ் நிறுவனத்தின் முடிவு சான்றாகும். மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்க இடம் தந்த நிறுவனம் அது. அதன் கணினிகள் அமேசானின் மேகத்தில் இயங்கின. 2014 ஜூன் 17 அன்று அதன் தளத்தின்மீது போக்குவரத்தைக் குவித்து முடக்கும் தாக்குதல் தொடங்கியது. சற்று நேரத்தில், தாக்கியவர் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார் என்பது தெரிய வந்தது. பெருந்தொகை கேட்டுச் செய்திகளையும் அங்கே விட்டுவைத்திருந்தார்.

நிறுவனத்தார் உடனே கடவுச்சொற்களை மாற்றினர். ஆனால் தாக்கியவர் அதற்குள் தமக்கென்று வேறு நுழைவுக் கணக்குகளை உருவாக்கி வைத்திருந்தார். தம்மை வெளியேற்ற முயல்வதைக் கண்டதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். சுமார் 12 மணி நேரத்தில் தரவுகள், காப்புப் பிரதிகள், கணினி அமைவுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. நிறுவனம் மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாக்கியவரிடம் அந்தக் கணினிகளுக்குள் நுழைவதற்கான தனிச் சாவிகள் இல்லை என்று நிறுவனமே அறிவித்தது. கணினியைத் திறக்க முடியாதவரால் கணினியையே இல்லாமல் ஆக்க முடிந்தது. காப்புப் பிரதிகள் இருக்கத்தான் இருந்தன. அவற்றையும் அதே கட்டுப்பாட்டுப் பலகத்திலிருந்து அழிக்க முடிந்ததால் அவை காப்பாக அமையவில்லை. காப்புப் பிரதியை வேறொரு கணக்கில், வேறு ஆளின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்று இன்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

கடவுச்சொல்லும் அதன் எல்லையும்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோதே கடவுச்சொல்லும் தேவைப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு அமைப்பில் அது பயன்பட்டது. 1962இல் அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லின் வரலாறும் அதன் திருட்டின் வரலாறும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

இப்போது நல்ல சேவைகள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. திரும்பப் பெற முடியாத ஒருவழிக் கணக்கீட்டின் விடையை மட்டும் வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் பயனர் அதே சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்தினால், அல்லது அவருடைய கணினியில் புகுந்த தீநிரல் அதைத் தட்டச்சு செய்யும்போதே களவாடினால், இந்த ஏற்பாட்டால் பயனில்லை.

கடவுச்சொல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றக் கட்டாயப்படுத்தும் பழைய வழக்கமும் கைவிடப்பட்டு வருகிறது. அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதைத் தவிர்க்கச் சொன்னது. மாற்றச் சொல்லும்போதெல்லாம் மக்கள் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டி வைத்துக்கொள்வது எல்லோரும் அறிந்ததே. நீளமான கடவுச்சொல்லே நல்லது என்பதும், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டியின் கருத்துகள்.

இரண்டாவது சான்று

நினைவில் உள்ள ஒன்றோடு (கடவுச்சொல்), கையில் உள்ள ஒன்றையோ (கைப்பேசி, பாதுகாப்புச் சாவி) உடலோடு உள்ள ஒன்றையோ (கைரேகை, முகம்) சேர்த்துக் கேட்பது பலகாரணிச் சரிபார்ப்பு எனப்படும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி இதன் பரவலான வடிவம். எளிமையானது, ஆனால் உள்ளவற்றுள் வலிமை குறைந்தது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி அதே எண்ணுக்கு வேறொரு சிம் அட்டையைப் பெற்றுவிட்டால் ஓடிபி திருடனின் கைக்கே போகும்.

கைப்பேசியிலுள்ள சரிபார்ப்புச் செயலி வேறு முறையில் இயங்குகிறது. பதிவு செய்யும்போது சேவை ஓர் இரகசியத்தை, பெரும்பாலும் கியூஆர் குறியீட்டின் வழியே, செயலிக்குத் தருகிறது. பிறகு இரு தரப்பும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துத் தனித்தனியே கணக்கிட்டு ஒரே ஆறு இலக்க எண்ணைப் பெறுகின்றன. வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். எண் எங்கிருந்தும் அனுப்பப்படுவதில்லை. ஆகவே கைப்பேசியில் இணையம் இல்லாவிட்டாலும் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். இம்முறை 2011இல் தரப்படுத்தப்பட்டது.

ஆறு இலக்க எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. வங்கியின் பக்கம் போலவே செய்த போலிப் பக்கத்தில் பயனர் எண்ணைத் தட்டினால், மோசடிக்காரர் அதை அந்த 30 நொடிக்குள் உண்மையான தளத்தில் இட்டுவிடலாம். இதைத் தடுக்க வந்ததே கடவுச்சாவி. பயனரின் கருவி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சோடிச் சாவிகளை உருவாக்குகிறது. பொதுச் சாவி தளத்திடம் போகிறது. தனிச் சாவி பயனரிடமே இருக்கிறது. நுழையும்போது தளம் ஒரு புதிய புதிரை அனுப்பும்; கருவி அதைத் தனிச் சாவியால் ஒப்பமிட்டுத் திருப்பும்; தளம் பொதுச் சாவியால் ஒப்பத்தைச் சரிபார்க்கும். சாவி தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஓர் எழுத்து மாறிய போலி முகவரியில் அது வேலையே செய்யாது. மனிதக் கண் தவறவிடுவதைக் கருவி தவறவிடுவதில்லை. இதன் அடிப்படையான வெப்ஆத்தன் தரத்தை 2019 மார்ச்சில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக ஏற்றது.

வசதி இருந்தும் பயன்படுத்தாததன் விலையை 2024இல் பலர் கொடுத்தனர். சுனோஃபிளேக் என்னும் மேகத் தரவுச் சேவையின் வாடிக்கையாளர்களுடைய கணக்குகளுக்குள் களவாடிய கடவுச்சொற்களைக் கொண்டு ஒரு கும்பல் நுழைந்தது. பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டதாக, ஆய்வு செய்த மேண்டியன்ட் தெரிவித்தது. கடவுச்சொற்களில் சில 2020ஆம் ஆண்டளவிலேயே தீநிரல்களால் திருடப்பட்டவை. நான்கு ஆண்டுகளாக மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. அந்தக் கணக்குகளில் இரண்டாவது சான்று கேட்கப்படவில்லை. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதே ஆண்டில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் தங்கள் மேகங்களின் நிர்வாக நுழைவுகளில் பலகாரணிச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கத் தொடங்கின.

தேவைக்கு மேல் கொடுத்த அனுமதி

மேகத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். நிரல்களுக்கும் அடையாளம் உண்டு. அவை கோப்பைப் படிக்கவும் எழுதவும் அனுமதி பெற்றே இயங்குகின்றன. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நேர்ந்தது அத்தகைய அனுமதி பற்றியது. தவறாக அமைக்கப்பட்ட ஒரு காப்புச்சுவர் நிரலை ஏமாற்றி, அதன் தற்காலிகச் சாவிகளையே தாக்கியவர் கேட்டு வாங்கினார். அந்த நிரலின் வேலை வரும் போக்குவரத்தை வடிகட்டுவது. ஆனால் வங்கியின் சேமிப்புக் கிடங்குகளைப் பட்டியலிடவும் படிக்கவும்கூட அதற்கு அனுமதி தரப்பட்டிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் வெளியேறின. 2020இல் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டுமே தர வேண்டும் என்ற கோட்பாடு புதியதன்று. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையிலேயே அது தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் அவசரத்துக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தபின் திரும்ப எடுக்க மறப்பதே வழக்கமாக உள்ளது.

பின்வாசல்: கணக்கு மீட்பு

கடவுச்சொல்லை மறந்தவருக்கும் கைப்பேசியைத் தொலைத்தவருக்கும் கணக்கைத் திருப்பித் தர ஒரு வழி வேண்டும். அந்த வழி முன்வாசலைவிட எளிதாக இருந்தால் திருடர் அதையே நாடுவர். 2012 ஆகஸ்டில் வயர்டு இதழின் செய்தியாளர் மேட் ஹோனனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அதை அவரே விரிவாக எழுதியுள்ளார். தாக்கியவர்கள் அமேசானைத் தொலைபேசியில் அழைத்து அவர் கணக்கில் ஒரு புதிய கடன் அட்டை எண்ணைச் சேர்த்தனர். மீண்டும் அழைத்து, அதே எண்ணை அடையாளமாகச் சொல்லித் தங்கள் மின்னஞ்சலை இணைத்தனர். உள்ளே போனதும் அவருடைய உண்மையான அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அமேசானில் மறைக்கத் தேவையில்லை என்று திரையில் காட்டப்பட்ட அந்த நான்கு இலக்கங்களை, ஆப்பிள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு அடையாளச் சான்றாக ஏற்றது. ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய கைப்பேசியும் கணினியும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. மகளின் படங்களும் அவற்றோடு போயின. அவருடைய மூன்றெழுத்து டுவிட்டர் பெயரைக் கைப்பற்றவே இவ்வளவும் நடந்தது.

இதன்பின் இரு நிறுவனங்களும் தொலைபேசி வழி மாற்றங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கின. இன்று பல சேவைகள் இரண்டாவது சான்றை இயக்கும்போதே சில மீட்புக் குறியீடுகளைத் தருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதே கைப்பேசியில் சேமித்தால் கைப்பேசியோடு அவையும் தொலைந்துவிடும்.