மூடுவதா மானம்?

சேர்வராயன் மலைக்கு வருவோர் ஏற்காட்டு ஏரியில் படகேறுவர்; குளிர்காற்றைப் புகழ்வர். மார்கழிப் பனியில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் தாயை அவர்கள் காணார். அவள் போனபின் லயத்து வீட்டில் அவள் மகளுக்கு யார் காவல்?

பெண்கள் 50 பேர் உழைக்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. அதற்குமேல்? ஊரே காப்பகமாக வேண்டாமா?

ஓநாய் காட்டிலிருந்துதான் வரும் என்று எண்ணாதீர், தோழர்களே! 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டது. 100-க்கு 53 பேர் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள்!

செய்தி கசிந்தால்? பஞ்சாயத்து கூடும், பணம் கைமாறும், "குடும்ப மானம்" என்று குழந்தையின் வாயைப் பொத்துவர். மானம் போனது யாருக்கு? மிருகமானவனுக்கா, மழலைக்கா?

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தும் புகார் செய்யாதவன் குற்றவாளி. 6 மாதம் வரை சிறை உண்டு. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. சீருடையின்றி அதிகாரியே வீடு தேடி வர வேண்டும்.

கிளைத் தோழர்களே! படிப்பகப் பலகையில் 1098 என்று எழுதுங்கள். குழந்தை சொன்னால் நம்புங்கள். குற்றவாளி உறவினனாயினும், மேஸ்திரியாயினும், நம் கட்சிக்காரனேயாயினும் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்! தாய் தோட்டத்தில் இருக்கையில், லயத்தின் ஒவ்வொரு வாசலும் தாயின் கண்ணாகட்டும்!