அறுவர் இழுத்த தேர்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது முன்னோர் வாக்கு. ஒரே திரைப்படத்தில் ஆறு கதாநாயகரை உலவவிடத் துணியும் நெறியாளருக்கு இவ்வாக்கு ஏற்றதோர் எச்சரிக்கை. நாயகன் ஒருவனாயின் அவனுடைய இன்ப துன்பங்களை இரண்டு மணி நேரத்துள் ஓரளவு நிறைவாகக் காட்டிவிடலாம். நாயகர் அறுவராயின் அந்நேரத்தை ஆறு கூறாகப் பங்கிடல் வேண்டும். பங்கீட்டில் எவருக்கும் வயிறு நிறையாது போதல் எளிது. இந்த இடர்ப்பாட்டினை ஒரு படம் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று ஆராய்வதற்கு 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்' என்னும் அமெரிக்கப் படம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் 1963 ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனத்தின் சித்திரக்கதை ஏட்டில் படைத்த வீரர் குழுவே இப்படத்துக்கு மூலம். திரைக்கு அதனை எழுதி நெறிப்படுத்தியவர் ஜோஸ் வீடன். ஏறத்தாழ 22 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 150 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய படம் அது. கதை எளியது. லோகி என்பவன் வேற்றுலகப் படையொன்றின் துணையோடு பூமியை அடிமைகொள்ள வருகிறான். அவனைத் தடுக்கும்பொருட்டு நிக் பியூரி என்னும் அதிகாரி வீரர் சிலரை ஒன்றுகூட்டுகிறார். இரும்புக் கவசம் பூண்ட செல்வந்தர் டோனி ஸ்டார்க்; இரண்டாம் உலகப் போரின்போது பனியில் உறைந்து இக்காலத்தில் விழித்தெழுந்த போர்வீரர் ஸ்டீவ் ரோஜர்ஸ்; இடிக்கடவுள் தோர்; சினங்கொண்டால் ஹல்க் என்னும் பச்சைப் பேருருவாய் மாறும் விஞ்ஞானி புரூஸ் பனர்; ஒற்றாடலில் வல்ல நடாஷா ரோமனோவ்; வில்லாளி கிளின்ட் பார்டன் என்போரே அவ்வறுவர்.

படத்தின் முதற் சிறப்பு அது தொடங்குமுன்னரே அமைந்துவிட்டது. நாட்டுக்கூத்திலே ஒவ்வொரு பாத்திரமும் அரங்கிற்கு வரும்போது வரவுப் பாட்டு ஒலிக்கும். வருபவர் யார், அவர் இயல்பு யாது என்பதை அவை அப்போதே அறிந்துகொள்ளும். பின்னர் அவர் சபையில் வாய்திறந்ததும் கதை தடையின்றி நகரும். 2008 முதல் 2011 வரை மார்வெல் வெளியிட்ட ஐந்து படங்கள் இத்தகைய வரவுகளாகவே பயன்பட்டன. ஸ்டார்க்கின் செருக்கையும் ரோஜர்ஸின் கடமையுணர்வையும் புதிதாக விளக்க வேண்டிய தேவை வீடனுக்கு இருக்கவில்லை.

வரவு இன்றிக் கூத்துத் தொடங்கினால் நேர்வது யாது என்பதை 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்' உணர்த்திற்று. அதிலும் நாயகர் அறுவர். அவர்களுள் மூவர் அதற்கு முன் கணநேரத் தோற்றங்களில் மட்டுமே வந்தவர்கள். அவர்களை அறிமுகஞ் செய்வதிலேயே படம் மூச்சுத் திணறியது. ஸக் ஸ்னைடர் தொடங்கிய அப்படத்தின் எஞ்சிய பகுதிகளை எடுத்து முடித்தவரும் வீடனே என்பது கருதத்தக்கது. 2021 இல் ஸ்னைடர் தம் விருப்பப்படி தொகுத்து வெளியிட்டபோது அக்கதை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்டது.

'அவெஞ்சர்ஸ்' படத்தின் இரண்டாவது சிறப்பு, வீரர்களின் பிணக்கையே அது கதையாக்கியமை. வெளிப்பகைவனைவிட உட்பகையே படத்தின் நடுப்பகுதியை ஆள்கிறது. பறக்கும் கப்பலின் ஆய்வுகூடத்தில் அனைவரும் ஒருவரையொருவர் குற்றஞ் சாட்டும் காட்சி அதன் உச்சம். பிறருக்காகத் தன்னை ஈந்துவிடும் பண்பு ஸ்டார்க்கிடம் இல்லை என்று அங்கே பழிக்கிறார் ரோஜர்ஸ். முடிவில், நகரை நோக்கி வரும் அணு ஏவுகணையைத் தோளில் தாங்கி, திரும்பும் வழி நிச்சயமற்ற வான்வாயிலுக்குள் நுழைபவர் அதே ஸ்டார்க். சொல்லால் எழுந்த பழி செயலால் தீர்கின்றது. நாடகத் தொடர்பு அறாத திரைக்கதைக்கு இஃது ஒரு நல்ல சான்று.

மூன்றாவது, தொழிற் பங்கீடு. நியூயோர்க் நகரப் போரில் ரோஜர்ஸ் திட்டம் வகுக்கிறார்; பார்டன் உயரத்திலிருந்து பகைவரின் போக்கை நோக்குகிறார்; தோர் மின்னலால் வாயிலை மறிக்கிறார்; ஹல்க் உடைக்கிறார். நடாஷாவோ பேராற்றல் எதுவுமில்லாதவர். ஆயினும் லோகியின் உட்கருத்தைப் பேச்சுத் திறத்தாற் கறந்தவரும், இறுதியில் வான்வாயிலை அடைத்தவரும் அவரே. கமராவின் தொடர்ந்த ஓட்டமொன்றில் அறுவரும் ஒருவர்பின் ஒருவராகக் காட்டப்படும் இடத்தில், ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சியைக் கண்ட நிறைவு உண்டாகின்றது.

இனிக் குறைகளை நோக்குவோம். வரவு காணாதவருக்குக் கூத்து விளங்காது. முந்திய படங்களைப் பாராதவர், தோருக்கும் லோகிக்கும் இடையிலுள்ள உடன்பிறப்புப் பூசலின் ஆழத்தை உணர்தல் அரிது. தனித்து நிற்கவேண்டிய கலைப்படைப்பு தொடர்கதையின் ஓர் அத்தியாயமாகக் குறுகுவது இங்ஙனமே. பங்கீட்டிலும் ஓரவஞ்சனை உண்டு. பார்டன் படத்தின் பெரும்பகுதியில் லோகியின் மாயத்துக்கு அடிமையாக உலவுவதால், அவர் மனத்தை அறியும் வாய்ப்பு அவைக்குக் கிட்டவில்லை.

பகைவரின் படையோ வெறும் பொம்மைக் கூட்டம். சிட்டாரி எனப்படும் அவ்வுயிர்களுக்குத் தனி முகமுமில்லை, நோக்கமுமில்லை. அவற்றின் தாய்க்கலம் அழிந்ததும் அத்தனையும் ஒருங்கே சாய்ந்து விழுகின்றன. கடும் போர் இவ்வாறு ஒரு விசையை அணைத்ததுபோல் முடியும்போது வெற்றியின் கனம் குறைகின்றது.

யாவற்றினும் பெரிய குறை இழப்பைப் பற்றியது. கட்டடங்கள் சரிகின்றன, வீதிகள் பிளக்கின்றன. இறந்தோரும் அவரைப் பிரிந்தோரும் முடிவில் வரும் செய்திக் காட்சிகளில் கணநேரமே தோன்றி மறைகின்றனர். இத்தகைய போர்களால் விளைந்த அழிவுக்குப் பொறுப்பு யார் என்னும் வினா 2016 ஆம் ஆண்டின் 'கப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்திலேதான் நேராக எழுப்பப்பட்டது.

இக்குறையோடு இணைந்த நுட்பமான இடம் ஒன்றுண்டு. கோல்சன் என்னும் அதிகாரி லோகியால் கொல்லப்பட்டதும், அவர் போற்றிச் சேர்த்த படச்சீட்டுகளைக் குருதிக் கறையோடு வீரர் முன் எறிகிறார் பியூரி. அவர்தம் மனம் உருகிப் பிணக்கு அகல்கின்றது. உண்மையில் அச்சீட்டுகள் இறந்தவரின் சட்டையில் இருந்தவையல்ல. அவரது பெட்டகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே வீரரின் ஒற்றுமை ஒரு பொய்யின்மேல் எழுந்தது. நன்மைக்காகச் சொன்ன பொய் பொறுக்கத்தக்கதா, உண்மை வெளிப்பட்டால் அவ்வொற்றுமை நிலைக்குமா என்ற வினாக்களுக்கு இங்கே வாயில் திறக்கின்றது. படமோ வாயிலிற் சற்றே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போர்க்களத்துக்கு விரைந்துவிடுகின்றது.

வேற்றுமையுடையோர் ஒன்றுபடுதல் இயலும் என்பதை இப்படம் சுவையோடு காட்டியது. அந்த ஒற்றுமைக்காக யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதைக் காட்ட அது தயங்கிற்று. இளைஞர் இதனைக் கண்டு களிப்பதில் தவறில்லை. களித்தபின், சரிந்த கட்டடத்துள் இருந்தோர் யாவர் என்று ஒரு வினா எழுப்புவாராயின், படம் சொல்லாது விட்டதையும் அவர்கள் கற்றவராவர்.