திரைக்கு முன்னால் – 12: கேக்கில் என்ன இருக்கிறது?

1931-இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கத்தில், கோட்டு சூட்டு போட்ட ஒருவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறார். நடிகர் எட்வர்ட் வான் ஸ்லோன். இந்தப் படம் உங்களைப் பதறவைக்கலாம், மனம் தாங்காதவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பவரைப் போல அத்தனை பணிவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். யாராவது எழுந்து போவார்கள் என்று நினைத்தா அதைச் சொன்னார்கள்? வில்லியம் கேசில் என்ற அமெரிக்க இயக்குநர் இதை முழுநேர வியாபாரமாகவே ஆக்கினார். 1958-இல் வந்த அவருடைய ‘மகாபர்’ படத்தைப் பார்த்துப் பயத்தில் யாராவது செத்துப்போனால் 1,000 டாலர் இன்ஷூரன்ஸ் என்று அறிவித்தார். 1961-இல் ‘ஹோமிசைடல்’ படத்தின் உச்சக்கட்டத்துக்கு முன்னால் திரையில் 45 நொடிக்கு ஒரு கடிகாரம் ஓடும். பயந்தவர்கள் எழுந்துபோய் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ‘கோழைகள் மூலை’ என்று பெயர் வைத்த இடத்துக்குப் போயாக வேண்டும். பேய்ப்பட உலகில் எச்சரிக்கை பிறந்ததே கூவி விற்கும் குரலாகத்தான். ‘இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று போஸ்டரில் இன்றும் போடுகிறார்களே, அதுவும் அதே குரல்தான்.

ஆகவே, தற்கொலை, குழந்தையின் சாவு, பாலியல் வன்முறை என்று படத்துக்கு முன்னால் பட்டியல் போட வேண்டும் என்று கேட்பவர்களைச் சிலர் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. ஆய்வுகளும் அவர்கள் பக்கம் சாய்வதுபோலத்தான் தெரிகின்றன. வன்முறை பற்றிய எச்சரிக்கை அந்த நிகழ்ச்சியின் மேல் ஆசையைக் கூட்டுகிறது என்று 1996-இலேயே புஷ்மன், ஸ்டாக் என்ற இருவர் எழுதினார்கள். 2023-இல் விக்டோரியா பிரிட்ஜ்லேண்டும் இரண்டு சகாக்களும் இதுபற்றிய 12 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். எச்சரித்தாலும் எச்சரிக்காவிட்டாலும் மனவேதனையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்; பார்ப்பதற்கு முந்தைய பதற்றம் மட்டும் எச்சரிக்கையால் சற்றுக் கூடுகிறது; பெரும்பாலானவர்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டு விலகிப் போவதும் இல்லை. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, கடும் அதிர்ச்சியைக் கடந்துவந்த 451 பேரிடமே நடத்தப்பட்டது. அவர்களுக்கும் எச்சரிக்கை உதவவில்லை.

முடிவுகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இவை அளந்தது எதை? எச்சரிக்கையை ஒரு மாத்திரையாக வைத்துக்கொண்டு, போட்டதும் வலி குறைந்ததா என்று பார்த்தார்கள். குறையவில்லை. பிஸ்கட் பொட்டலத்தின் மேல் ‘வேர்க்கடலை உள்ளது’ என்று அச்சடித்திருப்பதும் ஒவ்வாமையைக் குறைப்பதில்லை. அதைப் படித்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் அந்தப் பிஸ்கட்டைத் தின்னத்தான் செய்கிறார்கள். அதற்காக அந்த வரியை யாரும் அழிக்கச் சொல்வதில்லை. அது ஆயிரத்தில் ஒருவருக்கு எழுதியது. அவருக்கு வேண்டியது ஆறுதலும் இல்லை, அறிவுரையும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல்.

உளவியல் திகில் படங்களில் இந்தத் தகவல்தான் கிடைப்பதில்லை. ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’யை (2018) எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். எச்சரிக்கையைப் பற்றி எழுதிவிட்டு எச்சரிக்காமல் இருக்கக் கூடாது அல்லவா!

ஒரு விருந்து வீட்டுச் சமையலறையில் கத்தி அக்ரூட் பருப்பை நறுக்குகிறது. அது கேக்குக்குள் போகிறது. பருப்பு ஒத்துக்கொள்ளாத சிறுமி சார்லி அந்தக் கேக்கைச் சாப்பிடுகிறாள். இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மூச்சுத் திணறும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அண்ணன் காரை விரட்டுகிறான். அவள் காற்றுக்காக ஜன்னலில் தலையை நீட்டுகிறாள்; சாலையோரத்தில் ஒரு கம்பம். அதன் பிறகு கேமரா நெடுநேரம் அண்ணனின் முகத்திலேயே நிற்கிறது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். காலையில் காரைத் திறந்த தாயின் ஓலம் மட்டும் நமக்குக் கேட்கிறது. திரையில் அப்போதும் அவன் முகம்தான். பேய், பில்லி சூனியம் எல்லாம் பிறகு வருகின்றன. அந்த ஓலத்துக்கு முன்னால் அவை ஒன்றுமே இல்லை.

அமெரிக்கத் தரச்சான்று இந்தப் படத்துக்கு ‘ஆர்’ கொடுத்து, காரணமாகத் திகில் வன்முறை, மனதைக் கலக்கும் காட்சிகள், கெட்ட வார்த்தை, போதைப்பொருள், சிறிது நிர்வாணம் ஆகியவற்றைச் சொன்னது. பிள்ளையைச் சாகக் கொடுப்பது அதில் இல்லை. 2022-இல் வந்த ‘ஸ்மைல்’ படத்தில் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு பெண், தன் மனநல மருத்துவரின் கண்ணெதிரே தற்கொலை செய்துகொள்கிறாள். சான்றில் இருந்தது வன்முறையும் கோரக் காட்சிகளும் கெட்ட வார்த்தையும் மட்டுமே. தரம் பிரிப்பவர்களின் அகராதி இரத்தத்தையும் தோலையும் வசவையும் எண்ணிப் பழகியது. துக்கத்துக்கும் குற்றவுணர்வுக்கும் அதில் சொல் இல்லை. நம் ஊரிலும், 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த யுஏ 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் பார்ப்பவரின் வயதைத்தான் பேசுகின்றன. போன வருடம் பிள்ளையைப் பறிகொடுத்த நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு அந்த எண்களால் என்ன பயன்?

சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்பது முதல் ஆட்சேபம். ‘சைக்கோ’வின் முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று 1960-இல் ஹிட்ச்காக் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது நியாயமே. ஆனால் ‘ஒரு குழந்தையின் சாவு உண்டு’ என்ற வரி, எந்தக் குழந்தை, எப்போது, யார் கையால் என்று எதையும் சொல்லிவிடுவதில்லை. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பிரிட்டன் ஒரு வழி வைத்திருக்கிறது: தரச்சான்றோடு சுருக்கமாக ஒரு வரி, விவரம் வேண்டுபவர்கள் தாங்களே தேடிப்போய்ப் படிக்கத் தனியாக விரிவான குறிப்பு. எல்லோர் முகத்திலும் எறிய வேண்டியதில்லை.

விலகி ஓடுவது மன அதிர்ச்சியை வளர்க்கும், எதிர்கொள்வதே மருந்து என்பது அடுத்தது. உண்மைதான், ஆனால் அந்தச் சிகிச்சையை நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக, மருத்துவர் கூட இருந்து கொடுக்கிறார். இருட்டில் பக்கத்து சீட்காரர் பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கும்போது கொடுப்பதில்லை. ஒருவருடைய பழைய புண்ணை எது கீறும் என்று எந்தப் பட்டியலாலும் முழுதாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாசனையோ சுவரின் நிறமோ போதும், அதற்கெல்லாம் லேபிள் ஒட்ட முடியாது. அதனால்தான் பட்டியல் குறுகியதாகவும் பெயர் சொல்வதாகவும் இருக்க வேண்டும்: தற்கொலை, பிள்ளையின் சாவு, பாலியல் வன்முறை. ‘மனதைக் கலக்கும் காட்சிகள்’ என்று எழுதுவது பொட்டலத்தின் மேல் ‘உணவு’ என்று எழுதுவதற்குச் சமம்.

நமக்கு எச்சரிக்கை ஒன்றும் புதிதில்லை. கதாநாயகன் சிகரெட்டை எடுத்த கணமே திரையின் ஓரத்தில் ஒரு வரி முளைக்கிறது. அதே படத்தில் ஒருத்தி தூக்கில் தொங்கினால் படம் தொடங்கும் முன்பு அதைச் சொல்ல ஒரு சொல் கிடையாது. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகள் வயதோடு உள்ளடக்கக் குறிப்பையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. தியேட்டருக்கு டிக்கெட் எடுக்கும் செயலியில் மொழி, 2டி-யா 3டி-யா, எந்த வரிசை, பாப்கார்ன் பெரியதா சிறியதா என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

(தொடரும்)