நீரில் மூழ்கிய ரெயில் பாதை

வக்கீல் தொழிலில் பழகியவர்களும் கேட்டுச் சற்று நகைக்கக்கூடிய விஷயம் ஒன்று வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் நிகழ்ந்தது. நஷ்டத்தில் வீழ்ந்த ஒரு சிறு ரெயில்வே கம்பெனி, பாதையைக் கைவிட்டுத் தண்டவாளங்களைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுக் கணக்கை முடித்துக்கொள்ள விரும்பிற்று. பார்லிமெண்டு 1832-ம் வருஷத்தில் நிறைவேற்றிய மூலச் சட்டத்தை அதன் வக்கீல்கள் புரட்டிப் பார்த்தார்கள். நிலம் எடுக்கவும், பாதை போடவும், கூலி வசூலிக்கவும் அதிகாரம் அளித்த அச்சட்டத்தில், பாதையைக் கைவிட அதிகாரம் அளிக்கும் பிரிவு மட்டும் காணப்படவில்லை. அதற்கென்று புதிதாகச் சட்டம் பெறுவதோ செலவு மிகுந்த காரியம். ஆகவே 1946-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போக்குவரத்து நின்றபோது எதுவும் பெயர்க்கப்படவில்லை, எதுவும் விற்கப்படவில்லை. எஞ்சின்கள் கொட்டகையில் துருப்பிடித்தன. முட்செடிகள் தண்டவாளத்தின்மேல் படர்ந்தன. சாவதற்கு உத்தரவு கிடைக்காமையாலேயே அந்த ரெயில்வே உயிரோடு கிடந்தது.

அதன் பெயர் ஃபெஸ்டினியோக் ரெயில்வே. பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு வகர ஓசை. இரட்டை எஃப் எழுதினால்தான் நாம் ஆங்கிலத்தில் வழங்கும் ஓசை பிறக்கும். அவ்வூரின் பெயர் இரட்டை எழுத்தோடு தொடங்குவது. லண்டனில் சட்டம் எழுதியவர்கள் ஒற்றை எழுத்தோடு எழுதிவிட்டார்கள். சட்டத்தில் ஏறிய எழுத்து மாறாதன்றோ? இன்றளவும் கம்பெனியின் சட்டப்படியான பெயர் அந்த ஒற்றை எழுத்தோடுதான் நிற்கிறது. ஒரு சிறு ஜாதியாரின் மொழியை ஆள்வோர் எவ்வளவு கவனத்தோடு கையாளுவார்கள் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பிளைனை ஃபெஸ்டினியோக் என்பது மலைமேல் உள்ள ஸ்லேட்டுக் கல் சுரங்க ஊர். அங்கிருந்து போர்த்மடோக் துறைமுகம் வரை பதின்மூன்றரை மைல் தூரம் 1836-ம் வருஷத்தில் பாதை திறக்கப்பட்டது. இரண்டடிக்கு அரை அங்குலம் குறைந்த அகலமே உடைய இப்பாதையை, மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை இடைவிடாமல் இறங்கிக்கொண்டே வரும்படி அமைத்தார்கள். கல் ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தாலேயே உருண்டு இறங்கிவிடும்; பிரேக் பிடிக்க ஆட்கள் இருந்தால் போதும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்வது குதிரைகளின் வேலை. இறங்கும்போது அக்குதிரைகளும் தமக்கென்று அமைந்த வண்டியில் நின்றபடி சவாரி செய்து வந்தன என்பது வேடிக்கையான உண்மை. 1863-ல் நீராவி எஞ்சின்கள் வந்தன. இவ்வளவு குறுகிய பாதையில் எஞ்சின் ஓடாது என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு வந்த எஞ்சின்களில் ஒன்றான "பிரின்ஸ்" இன்றும் அந்த ரெயில்வேயிடம் இருக்கிறது. வேல்ஸ் தொழிலாளர் வெட்டிய கல், இப்பாதை வழியே இறங்கிக் கப்பலேறி, பல தேசத்து வீடுகளுக்குக் கூரையாயிற்று. பின்னர் ஸ்லேட்டுத் தொழில் மங்கிற்று. மோட்டார் லாரிகள் வந்தன. 1939-ம் வருஷம் செப்டம்பரில், யுத்தம் தொடங்கிய மாதத்திலேயே, பிரயாணிகள் வண்டி நின்றது. ஏழு வருஷங்களில் கல் வண்டியும் நின்றது.

பிரிட்டிஷ் சர்க்கார் 1948-ல் ரெயில்வேக்களையெல்லாம் தேசவுடைமை ஆக்கியபோதும் இந்தப் பாதையை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் வேறு. 1951-ல், இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞன் முயற்சி எடுத்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கூட்டம் கூட்டினான். அதே வருஷத்தில்தான் வேல்ஸின் மற்றொரு பகுதியில் டலிலின் என்னும் சிறு ரெயில்வேயைத் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தார்கள். உலகத்தில் தொண்டர்களால் காக்கப்பட்ட முதல் ரெயில்வே அதுவே. அந்த உதாரணம் கண்முன் இருந்தது. ஆயினும் ஃபெஸ்டினியோக் கம்பெனிக்குக் கடன் இருந்தது. 1954-ல் ஆலன் பெக்லர் என்ற வியாபாரி, தம் தந்தையிடம் கடன் வாங்கிக் கம்பெனியின் ஆதிக்கத்தைப் பெற்றார். பெற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பங்குகளை ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் ஒப்புவித்துவிட்டார். இந்த ஒரு செய்கையே பின்னால் நடந்த அனைத்துக்கும் அஸ்திவாரம் என்பது நமது அபிப்பிராயம். தனி மனிதர் ஒருவரின் சொத்துக்காகச் சம்பளமின்றி மண் வெட்ட எவர் வருவார்?

1955-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, போர்த்மடோக்கிலிருந்து கடலோரக் கரையின்மேல் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் வண்டி ஓடிற்று. அவ்வளவுதான் சீர்செய்ய முடிந்தது. மறுவருஷம் இன்னொரு நிலையம் வரை. அடுத்த வருஷம் இன்னொன்று. 1958-ல் பாதி வழிக்கு மேலுள்ள தான்-அ-புல்க் நிலையம் வரை. முட்செடியை வெட்டுவதும், மக்கிப்போன கட்டைகளை மாற்றுவதும், மழைநீர்க் கால்வாயைத் தோண்டுவதுமாக இப்படியே மேலே போயிருந்தால் இக்கதையில் எழுதுவதற்கு விசேஷம் ஒன்றும் இராது.

ஆனால் முதல் வண்டி ஓடிய அந்த 1955-லேயே சர்க்காரின் மின்சார அதிகார ஸ்தாபனம் பார்லிமெண்டில் ஒரு சட்டம் பெற்றிருந்தது. மலைமேல் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஒரு நீர்த்தேக்கம். மின்சாரத்துக்குத் தேவை குறைந்த இரவு நேரத்தில் கீழுள்ள நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகுந்த நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது என்பது திட்டம். 360 மெகாவாட் சக்தியுள்ள அந்த நிலையம் 1963-ல் திறக்கப்பட்டது. திட்டத்தில் குறை சொல்ல நாம் வரவில்லை; நல்ல திட்டமே. ஆனால் அடிவார நீர்த்தேக்கம் அமைந்த இடம், பிளைனை ஊருக்குச் சற்று முன்பாக, ரெயில் பாதையின்மீதே. பாதையின் மேற்கோடி அறுபட்டுப் போயிற்று. தொண்டர்கள் முட்செடி வெட்டிக்கொண்டு எந்த ஊரை நோக்கி ஏறினார்களோ, அந்த ஊருக்குப் போகும் வழி தண்ணீருக்கடியில் சென்றுவிட்டது.

வியாஜ்யம் தொடங்கிற்று. சர்க்கார் ஸ்தாபனம் பிறர் சொத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு தரவேண்டும் என்பதில் தகராறு இல்லை. எவ்வளவு என்பதே தகராறு. பொதுச் சந்தையில் விலை நிர்ணயிக்க முடியாத சொத்துக்களுக்கு, கோயில், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு, ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. எடுத்த பொருளுக்கு ஈடான இன்னொன்றை வேறிடத்தில் நிறுவ ஆகும் செலவையே நஷ்டஈடாகத் தரலாம் என்பது அந்த விதி. ரெயில்வேயார் அதன்படி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் புதுப்பாதை போடும் செலவைக் கேட்டார்கள். 1962-ல் அப்பீல் கோர்ட்டு இதை ஒப்புக்கொள்ளவில்லை. செலவோ மிகப் பெரிது, கம்பெனியின் மதிப்போ மிகச் சிறிது. விகிதம் பொருந்தவில்லை என்று தீர்ந்தது. கணக்கின்படி தீர்ப்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு பொருளின் மதிப்பு அதன் லாபக் கணக்கில் அடங்கிவிடும் என்று கொண்டால், கோயிலுக்கு ஒரு நியாயமும் ரெயிலுக்கு ஒரு நியாயமும் ஏன்? லாபம் தேடாமல் நடத்தும் ஒன்றை லாபத்தின் அளவுகோலால் அளந்தது பொருத்தமா என்பதே நமது கேள்வி. புதுப்பாதைச் செலவு கிடையாது என்றான பிறகும் ரெயில்வேயார் வழக்கைக் கைவிடவில்லை. இழந்த வருமானத்துக்கு நஷ்டஈடு என்ற மற்றொரு வழியில் வாதாடி, சட்டம் பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1970-களின் தொடக்கத்தில் ஒரு தொகையைப் பெற்றார்கள்.

ஆனால் கோர்ட்டின் முடிவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை என்பதே இதில் நாம் முக்கியமாகக் குறிக்க விரும்புவது. 1965-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி, குளிர்காலத்தின் நடுவில், மலைச்சரிவில் முதல் மண்வெட்டி விழுந்தது. சாலை வசதியே இல்லாத இடம் அது. ஆளும் ஆயுதமும் ரெயில் வழியேதான் போக வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே பாதையை உயர்த்தவேண்டும். உயர்த்துவதற்கு நீண்ட தூரம் வேண்டும். மலையிலோ இடம் இல்லை. ஆகவே பாதையை ஒரு வட்டமாக வளைத்து, பாலம் ஒன்றின்மேல் தன்னையே தான் கடந்து செல்லும்படி செய்து, 35 அடி உயரம் ஏற்றினார்கள். பின்னும் மலையோரமாகப் பாறையை உடைத்துக்கொண்டு சென்று, புதிதாக 287 கஜம் மலையைக் குடைந்து, மின்சார நிலையத்தின் பின்புறமாகச் சுற்றி, அப்பால் பழைய வழியில் கொண்டு சேர்த்தார்கள். மொத்தம் இரண்டரை மைல். மலையைக் குடைந்த பகுதி கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க நிபுணர்களும் சம்பள ஆட்களும் செய்தது. மற்றது பெரும்பாலும் தொண்டர்களின் கைவேலை. ஆபீஸ் குமாஸ்தாக்களும் மாணவர்களும் உபாத்தியாயர்களும் ஓய்வு நாட்களில் வந்து, மழையில் நனைந்து, பாறையைத் துளைத்து, கல்லை அள்ளிக் கொட்டினார்கள். வழிவிலகும் பாதையை அமைத்ததால் இவர்களுக்கு "டீவியேஷனிஸ்டுகள்" என்று பெயர் வந்தது. அரசியல் கட்சிகளில் கொள்கை பிறழ்ந்தவனை விரட்டுவதற்கு இடும் பெயர் அது. இவர்கள் அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு பதின்மூன்று வருஷம் உழைத்தார்கள். நமது கட்சிகளின் தொண்டர்படைகளில் பதின்மூன்று மாதம் தொடர்ந்து ஒரே வேலையைச் செய்தவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கப் போவதில்லை.

இங்கே தேசாபிமானிகளான வாசகர்களுக்கு ஓர் ஐயம் எழும், எழுவது நியாயமே. மண் வெட்டியவர்களில் மிகப் பலர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். இடமோ வேல்ஸ் மொழி வீட்டிலும் கடையிலும் பேசப்படும் சுரங்க ஊர். ரெயிலைக் காக்க வந்த கைகள் அந்த ஜனங்களைக் காக்க வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு வலுவான ஆதாரம் ஒன்று பக்கத்திலேயே உண்டு. அதே மலைநாட்டில் த்ரவெரின் ஆற்றின் கரையில் காப்பெல் கெலின் என்ற கிராமம் இருந்தது. ஆங்கில நகரமான லிவர்பூலின் நகரசபை தனக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957-ல் பார்லிமெண்டில் சட்டம் பெற்றது. வேல்ஸின் அங்கத்தினர் ஏறக்குறைய அனைவரும் எதிர்த்தும் பயன்படவில்லை. வழிபாட்டு ஆலயமும் கல்லறையும் பள்ளிக்கூடமும் தபால் ஆபீசும் வயல்களும் 1965-ல் ஏரியாயின. மலைச்சரிவில் முதல் மண்வெட்டி விழுந்த அதே வருஷம். லிவர்பூல் நகரசபை 2005-ல் இதற்கு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பினால் தண்ணீர் வற்றவில்லை.

நாம் இவ்விரண்டையும் சமமாக வைக்க மாட்டோம். ஊர் மூழ்குவதும் ரெயில் மூழ்குவதும் ஒன்றல்ல. ரெயில்வேயாரிடம் பழைய சட்டம் ஒன்றும், வக்கீல் வைக்கப் பணமும், தூரத்து நகரங்களில் நண்பர்களும் இருந்தார்கள். காப்பெல் கெலின் குடியானவர்களுக்கு வாக்கு இருந்தது. அது எண்ணிக்கையில் போதவில்லை. ஆயினும் வெளியூரார் வந்து விளையாட்டுக்கு ஓட்டும் பொம்மை ரெயில் என்று சிலர் ஏளனம் செய்வதோடும் நாம் உடன்படுவதற்கில்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் ஸ்லேட்டுத் தொழிலாளரின் உழைப்புக்காகப் போடப்பட்டது. தண்டவாளம் பழைய இரும்பாய்ப் போயிருந்தால், அந்த ஜனங்களின் சரித்திரத்தில் கண்ணால் காணக்கூடிய ஒரு பகுதி அவர்களிடமிருந்து போயிருக்கும். 2021-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட்டு நிலப்பகுதியை உலகப் பொதுச் சொத்தாக அங்கீகரித்தபோது, சுரங்கங்களோடு இந்த ரெயில் பாதையும் அதில் சேர்ந்தது.

காப்பெல் கெலின் ஏரிக்கும் ரெயிலுக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. பாலா என்ற ஊரிலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக்குக்குச் சர்க்கார் ரெயில்வேயின் கிளைப் பாதை ஒன்று சென்றது. அகலமான, உறுதியான பாதை. அதன் ஒரு பகுதி ஏரிக்குள் அகப்பட்டது. அதைச் சுற்றி மாற்றுப் பாதை போடும் பணமும் இயந்திரமும் அதிகாரமும் படைத்த சர்க்கார் ரெயில்வே அதைச் செய்யவில்லை. பிரயாணிகள் வண்டி 1960-லும் சரக்கு வண்டி 1961-லும் நிறுத்தப்பட்டு, பாதை நடுவில் அறுந்துபோயிற்று.

தொண்டர்களின் வண்டியோ, வளைவில் ஏறி, புதிய குடைவைக் கடந்து, 1978-ல் பிளைனைக்கு முந்திய ஊரை அடைந்தது. எஞ்சிய தூரத்துக்கு இன்னும் நான்கு வருஷம் பிடித்தது. 1982-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, 1832-ல் சட்டம் பிறந்து 150 ஆண்டு நிறைந்த சமயத்தில், வண்டி பிளைனை ஊருக்குள் வந்தது. வந்து நின்ற நிலையம், வடக்கேயிருந்து வரும் பொது ரெயிலுக்கும் இதற்கும் சேர்த்து அப்போது புதிதாகக் கட்டப்பட்டது. பாலாவிலிருந்து சர்க்கார் வண்டி முன்பு வந்து நின்ற பழைய நிலையம் இருந்த இடத்திலேயே அதைக் கட்டியிருக்கிறார்கள்.