சர்வகலாசாலையின் கதவைத் திறப்போம்

சர்வகலாசாலை யாருக்காக ஏற்பட்டது என்ற கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. பரீட்சை, பட்டம், உத்தியோகம் ஆகிய மூன்றோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பொது ஜனங்களின் வரிப்பணத்தில் பெரிய ஆராய்ச்சிச்சாலைகள் நடைபெறுகின்றன. ஆனால் அங்கே எதை ஆராய்கிறார்கள், ஏன் ஆராய்கிறார்கள் என்பதை அந்த ஜனங்களின் பிள்ளைகள் அறிந்துகொள்ள வழி மிகவும் குறைவு. இந்த நிலைமை மாற வேண்டுமென்று விரும்புவோர் கவனிக்கத்தக்க ஒரு முயற்சி அயர்லாந்தில் தோன்றி, நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரிலும் இப்பொழுது உருப்பெற்றிருக்கிறது. விஞ்ஞானத்தையும் கலையையும் ஒரே கூரையின் கீழ் வாலிபர்கள் முன் வைக்கும் 'சயன்ஸ் காலரி' என்னும் காட்சிச்சாலைகளையே நாம் குறிப்பிடுகிறோம். அவற்றின் சரித்திரத்தில் வெற்றியும் உண்டு, வீழ்ச்சியும் உண்டு. இரண்டையும் சேர்த்து யோசிப்பதே நமக்குப் பயன் தரும்.

டப்ளின் நகரத்து டிரினிடி கலாசாலை 1592-ல் ஏற்பட்டது. நகரத்தின் நடுவிலே மதில் சூழ நிற்கும் பழைய ஸ்தாபனம் அது. அந்த மதிலின் ஓரத்தில், பியர்ஸ் வீதியை நோக்கி, 2008-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் முதல் சயன்ஸ் காலரி திறக்கப்பட்டது. 15 வயது முதல் 25 வயது வரையிலுள்ள இளைஞர்களே அதன் முக்கியமான விருந்தினர். உள்ளே செல்லக் கட்டணமில்லை. பழம்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்துக் காக்கும் வேலையை அது மேற்கொள்ளவில்லை. சில மாதங்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வது, அந்த விஷயத்தைப் பற்றி விஞ்ஞானிகளும் சிற்பிகளும் ஓவியர்களும் சேர்ந்து காட்சிகளை அமைப்பது, காலம் முடிந்ததும் வேறு விஷயத்துக்குப் போவது என்பதே அதன் முறை. காட்சிகளின் அருகே நின்று வருவோரிடம் பேசுவதற்கு இளைஞர்களையே அமர்த்தினார்கள். அவர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்புவிப்பவர்களல்லர். கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்குச் சேர்ந்து விடை தேடுவதும் அவர்கள் கடமை.

இம்முறையின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2009-ம் வருஷம் தொற்றுநோய்களைப் பற்றி அங்கே ஒரு காட்சி நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறிய அட்டையை அணிந்துகொண்டார்கள். அட்டைக்குள் ரேடியோ அலையை அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. இருவர் எதிரெதிரே நெருங்கி நின்றால், அவர்களுடைய அட்டைகள் அச்சந்திப்பைப் பதிவு செய்தன. கற்பனையான ஒரு நோய் அட்டைக்கு அட்டை பரவியது. இவ்வாறு மூன்று மாதங்களில் 14,000-க்கு மேற்பட்டவர்களின் சந்திப்புக்கள் பதிவாயின. இத்தாலியில் தூரின் நகரத்து ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடன் சேர்ந்த பிறரும் இவற்றைக் கணக்கிட்டு 2011-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். காலையில் வந்து போனவரும் மாலையில் வந்தவரும் நேரில் சந்திப்பதில்லை. ஆதலால் காட்சிச்சாலையில் நோய் பரவும் விதம் வேறு, நாள் முழுவதும் ஒரே கூட்டத்தார் கூடியிருக்கும் மகாநாட்டில் அது பரவும் விதம் வேறு என்பது அதனால் தெளிவாயிற்று. அந்தக் கணக்குகளைப் பின்னர் உலகத்திலுள்ள வேறு விஞ்ஞானிகளும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதன் பொருளை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த வாலிபன் ஆராய்ச்சியில் ஒரு பங்காளியானான். தன் நடையும் நிறுத்தமும் ஒரு விஞ்ஞான உண்மைக்கு ஆதாரமாவதை அவன் கண்டான். பதினொரு வருஷம் கழித்து, 2020-ல், கொரோனா நோய் உலகத்தை முடக்கியபோது, 'நெருங்கி நில்லாதே' என்ற உத்தரவு எல்லாத் தேசத்தாருக்கும் வந்தது. காரணம் தெரியாமல் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது ஒன்று. காரணம் தெரிந்து தானே ஒழுங்கைக் கைக்கொள்வது வேறொன்று. சுதந்திர நாட்டுப் பிரஜைக்கு ஏற்றது பின்னதே. ஆகவே இத்தகைய காட்சிச்சாலையை விளையாட்டுக் கொட்டகையாக எண்ணுவது தவறு. ஜனநாயகத்துக்கு அது ஒரு பயிற்சிக்கூடம் என்பதே நமது அபிப்பிராயம்.

விஞ்ஞானத்துக்குக் கலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மருந்துக்கு மேல் பூசிய சர்க்கரை போலக் கலையை உபயோகிப்பதானால் அவர்கள் கேள்வி நியாயமே. ஆனால் கலையிலேயே விஞ்ஞானம் மறைந்து கிடப்பதை நம்மவர் ஒருவரே உலகத்துக்குக் காட்டினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், சாதாரணத் தோல் வாத்தியங்களில் எழும் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசையாமலிருக்க, மிருதங்கத்தில் மட்டும் அவை இசைவது ஏன் என்று ஆராய்ந்தார். தோலின் நடுவே இடும் கரிய பூச்சின் கனமே அந்த இசைவுக்குக் காரணமென்று 1920-லும் 1934-லும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். பெயர் தெரியாத நம் வாத்தியக்காரர்கள் செவியைக்கொண்டு கண்ட உண்மையை அவர் கணிதத்தைக்கொண்டு கண்டார். இவ்விருவரில் யாரைக் கலைஞரென்றும் யாரை விஞ்ஞானியென்றும் பிரிப்பது? பிரிவினை நம் பாடத்திட்டத்தில் இருக்கிறதேயன்றி உலகத்தில் இல்லை.

ராமன் 1933 முதல் 1937 வரை தலைமை வகித்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், அந்நகரத்து சயன்ஸ் காலரிக்கு இன்று துணை நிற்கும் ஸ்தாபனங்களில் ஒன்று. உயிரியல் ஆராய்ச்சிக்கான தேசிய மையம் ஒன்றும், கலைப் பயிற்சி அளிக்கும் கலாசாலை ஒன்றும் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. கர்நாடக சர்க்கார் ஆரம்பம் முதல் ஆதரவளித்து வந்திருக்கிறது. சொந்தக் கட்டடம் எழும் வரை காத்திராமல், 2021-ல் நோய்க் காலத்திலேயே தொற்றைப் பற்றிய காட்சியை இணையத்தின் வழியாக நடத்தினார்கள். 2024 ஜனவரியில் கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கரி என்னும் மூலப்பொருளை அப்போது முதற் காட்சிக்கு விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். வைரமும் கரியே; பென்சிலின் கருங்குச்சியும் கரியே; நம் உடலிலும் அதுவே; பூமியைச் சூடாக்கும் புகையிலும் அதுவே. இவ்வளவு பொருத்தமான விஷயம் வேறென்ன இருக்கிறது?

ஆனால் முதலில் பிறந்த டப்ளின் காலரி என்ன ஆயிற்று? அதைக் கண்டு லண்டன் கிங்ஸ் கலாசாலை 2018-லும், மெல்போர்ன் சர்வகலாசாலை 2022-லும் தங்கள் காலரிகளைத் திறந்தன. பெங்களூர் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் தாய்வீட்டில் பணம் வறண்டது. நஷ்டத்தைத் தொடர்ந்து தாங்க இயலாதென்று டிரினிடி கலாசாலை 2021-ல் அறிவித்தது. 2022 பிப்ரவரியில் டப்ளின் காலரி மூடப்பட்டது. கூட்டம் வராததால் அது மூடப்படவில்லை. இலவசமாய்த் திறந்த கதவுக்கு நிலையான மானியம் இல்லாததாலேயே மூடப்பட்டது. நோய்ப் பரவலைப் பற்றி ஜனங்களுக்கு முன்கூட்டியே போதித்த இடம், அந்த நோய் உலகத்தை வாட்டிய காலத்திலேயே நிலைகுலைந்தது வருந்தத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. நன்கொடை கட்டடத்தை எழுப்பும். ஆண்டுதோறும் விளக்கேற்றி வைப்பது மானியமே. வாசகசாலையிடம் லாபக் கணக்கு யாரும் கேட்பதில்லை. காட்சிச்சாலையிடம் மாத்திரம் ஏன் கேட்க வேண்டும்? பள்ளிக்கூடங்களில் பலகைகூட இல்லாதபோது காட்சிச்சாலை எதற்கு என்பார் உண்டு. பலகை வேண்டியதுதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிச்சாலை இல்லாத பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கே இலவசக் காட்சிச்சாலை மிகுதியும் தேவை. செல்வர் வீட்டுப் பிள்ளை கப்பலேறியாவது பார்த்துக்கொள்வான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே ஒலிக்கும் மொழி ஜனங்களின் மொழியாயிருக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டுமே விளங்கும் காட்சி, மதிலைச் சற்றுத் தள்ளிக் கட்டியதாகுமேயன்றி இடித்ததாகாது. கேள்வி கேட்கும் துணிவு தாய்மொழியில்தான் முதலில் பிறக்கிறது.

நம் மாகாணத்துச் சர்வகலாசாலைகள் பெரிய மாளிகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீதியைப் பார்த்த ஓர் அறை, ஒரு விஷயம், அதை ஆராயும் பேராசிரியர் ஒருவர், கலைஞர் ஒருவர், விளக்கிப் பேசும் மாணவர் பத்துப் பேர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பட்டசபைகளில் அங்கம் வகிப்போரும், சட்டசபையில் பணம் ஒதுக்குவோரும், பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களும் இதை வற்புறுத்த வேண்டும். தொடங்கும் நாளிலேயே பத்து வருஷ மானியத்துக்கும் ஏற்பாடு செய்யும்படி கேட்க வேண்டும். டப்ளினில் அணைந்த விளக்கு பெங்களூரில் எரிகிறது. அதை அணையாமற் காப்பதும், அதிலிருந்து நம் வீட்டு விளக்கை ஏற்றிக்கொள்வதும் நம் கையிலிருக்கிறது.