பேர் தெரியாமல் போன 'தம்பி'கள்

ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியன்று மும்பையிலிருந்து பெருந்திரளான மக்கள் புனேக்கு அருகிலுள்ள கோரேகான் பீமாவுக்குச் செல்வதைத் தாராவித் தமிழர்கள் அறிவார்கள். 1818-ல் அங்கு நடந்த போரில் வீழ்ந்த மகார் வீரர்களின் பெயர்கள் ஒரு கல்தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. 1927-ல் டாக்டர் அம்பேத்கர் அங்கு சென்று வணங்கினார். அதற்கு முன்பே மகார்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது, அந்தத் தூணே அவர்களுக்குச் சாட்சியாக நின்றது. 1941-ல் மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. (அதே கோரேகான் போரில் இரண்டு பீரங்கிகளை இயக்கியது சென்னைப் பீரங்கிப் படை என்பது பலருக்குத் தெரியாத செய்தி.)

நம்மவர் கதையும் ஏறத்தாழ இதுவேதான். தூண் மட்டும் இல்லை.

வடக்கே சில சாதியார்தாம் போர்க்குடிகள், தெற்கத்தியர் சண்டைக்கு உதவார் என்று ஆங்கிலத் தளபதிகள் முடிவு கட்டினர். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டு, 1928-க்குள் கடைசிப் படையும் போயிற்று. 1933-ல் பயனியர் படையும் கலைந்தது. எஞ்சியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் ஒன்றே. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. ஆதிதிராவிடரும் கிறிஸ்தவரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த படை அது. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கணக்கு மாறியது. ஆள் போதவில்லை. உதவார் என்று தள்ளப்பட்ட தெற்கத்தியரைத் தேடி வந்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டும் மறுபடி எழுப்பப்பட்டது. பஞ்சம், கூலிக்குறைவு, நிலமின்மை ஆகியவை பலரைப் படையில் சேர்த்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாராவிக்கு ரயிலேற்றியதும் அதே காரணங்கள்தாமே!

அந்தத் 'தம்பி'களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், காசினோ போர்முனைக்குப் பின்னாலுள்ள மின்யானோவில், கண்ணிவெடி நீக்கும் குழுவில் இருந்தார். உடன் வந்த ஒருவரின் காலடியில் வெடி ஒன்று கிளம்பியது. மிதித்த சில விநாடி கழித்தே வெடித்துச் சிதறும் ரகம் அது. ஓடித் தப்ப நினைத்திருந்தால் தப்பியிருக்கலாம். சுப்பிரமணியன் அதன் மேல் குப்புறப் பாய்ந்தார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள்.

எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத தீரத்துக்கு உரிய ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. அப்பதக்கத்தை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவரே. வைஸ்ராய் வேவல் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் அவருடைய விதவை மனைவி. இந்தப் பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்த தமிழர் எத்தனை பேர்?

சுப்பிரமணியனுக்குப் பதக்கமாவது உண்டு. பர்மாக் காட்டில் மலேரியாவில் விழுந்தவருக்கும், பாலம் கட்டும்போது ஆற்றோடு போனவருக்கும் என்ன உண்டு? ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில், கல்லறை தெரியாத சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்திய ராணுவத்தினர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயர், பதவி, படை எண்ணோடு, பல இடங்களில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன. கணினியில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதப்பட்டிருப்பதால், ஒரே பெயரை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உயிரோடு திரும்பியவர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். சாப்பர்ஸில் இருந்தவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டிய இடம் பெங்களூரு எம்.இ.ஜி. ஆவண அலுவலகம். அவர்கள் முதலில் கேட்பது படை எண். தாத்தாவின் டிரங்குப் பெட்டி இன்னும் பரணில் கிடக்குமானால், எடைக்குப் போடுமுன் அதிலுள்ள டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பார்ப்பது நல்லது. எண் அதில்தான் இருக்கும்.