வால்வைத் திறக்கும் கை

குளிர்பெட்டியைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், செப்புக் குழாயின் நுனியை வெட்டிவிட்டு, உள்ளிருந்த வாயு சீறி ஓயும்வரை தேநீர் அருந்திக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதில் நஷ்டம் ஏதுமுண்டு என்று அவரும் எண்ணவில்லை, பெட்டிக்கு உடையவரும் எண்ணவில்லை. தீப்பற்றாத, நஞ்சில்லாத ஆர்-12 என்னும் அந்த வாயு, எதனோடும் சேராத தன் சாதுவான சுபாவத்தினாலேயே சிதையாமல் மேலே சென்று, அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து, குளோரினை வெளியிட்டு ஓசோனை அழிக்கும் வகையைச் சேர்ந்தது என்பது, வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதிய பிறகே உலகுக்குத் தெரிந்தது.

ஓசோனைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. இத்தகைய வாயுக்களை உற்பத்தி செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றைச் சட்டத்தால் கட்டலாம். தெருமுனைக் கடையில் ஸ்பானரும் கேஜும் வைத்திருப்பவரை எப்படிக் கட்டுவது? அப்பியாசத்தை மாற்றித்தான். 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காகக் கொண்டதன் காரணமும் அதுவே.

பயிற்சிக்கூடத்தில் முதலில் மறக்கவேண்டியது ‘கேஸ் டாப்-அப்’. மூடிய சுற்றில் ஓடும் வாயு பெட்ரோலைப்போல் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆகவே எஞ்சியதை மீட்பு இயந்திரத்தால் தனி உருளையில், அதுவும் வெப்பத்தில் விரிய இடம்விட்டு எண்பது சதவீதத்துக்கு மேற்படாமல், சேகரித்து, நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டு அடைத்து, பின்னர் வாக்குவம் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, கடைசியில் தராசில் நிறுத்து வாயு நிரப்புகிறார்கள். இவ்வளவுக்கும் பொறுமை வேண்டும். “கேஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க” என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரர் இருக்கும்வரை, குற்றத்தை மெக்கானிக்கின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆர்-12ஐவிட ஓசோனுக்குத் தீங்கு குறைந்த ஆர்-22 என்னும் வாயுவும் 2030இல் விடைபெற வேண்டியதே. பழைய சாதனங்களின் பராமரிப்புக்குச் சிறிதளவு மட்டும் 2040வரை அனுமதிக்கப்படும். ஓசோனைத் தொடாத புதியவற்றுள் ஆர்-290 என்பது வேறொன்றுமில்லை, புரொப்பேன். முன்னாளில் கசிவைத் தேட மெக்கானிக்குகள் சிறு சுடர் ஒன்றை ஏந்தி இணைப்பருகே கொண்டுசெல்வார்கள். குளோரின் கலந்த வாயு பட்டால் சுடர் பச்சையாகும். அதே சுடரைப் புரொப்பேன் கசியும் குழாயருகே கொண்டுசென்றால் என்னவாகும் என்பதையும் இன்று பயிற்சியில் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.